பூட்டிய கதவும் இரண்டு சொற்களும்: டிரையாங்கிள் தீ விபத்து, 1911

நியூயார்க் மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 80-ஆம் பிரிவு 1911-இல் என்ன சொன்னது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தொழிற்சாலைக் கதவுகள் எல்லாம், இயலும் இடங்களில், வெளிப்பக்கமாகத் திறக்கும்படி அமைய வேண்டும். வேலை நேரத்தில் அவற்றைப் பூட்டவோ தாழிடவோ கூடாது. இதுதான் அந்தப் பிரிவின் சாரம். படித்தால் குறை சொல்ல ஒன்றும் தோன்றாது. இந்தப் பிரிவு நடப்பில் இருந்தபோதுதான் அந்த ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி, நியூயார்க் நகரின் நடுவில், 146 பேர் ஒரு தையல் தொழிற்சாலையில் செத்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். மிக இளையவர்களுக்கு வயது 14.

அமெரிக்காவின் முற்போக்குக் காலச் (ஏறக்குறைய 1890-களிலிருந்து 1920 வரை) சீர்திருத்தங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ராக்ஃபெல்லரின் எண்ணெய்க் கம்பெனியான ஸ்டாண்டர்ட் ஆயில் உடைக்கப்பட்டதையும் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டையும் சொல்வார்கள். எனக்கு அந்தக் காலத்தின் உயிர் இந்த ஒரு கட்டடத்தில்தான் இருப்பதாகப் படுகிறது. துயரத்தைக் கண்டு ஊர் அழுவது ஒன்று. அந்த அழுகை ஆறுவதற்குள் யாராவது அளவுகோலும் குறிப்பேடுமாகக் கிளம்பிப்போய், எந்தக் கதவு எத்தனை அங்குலம், எந்தப் படி எங்கே முடிகிறது என்று எழுதிவருவது வேறொன்று. நியூயார்க்கில் இரண்டும் நடந்தன. இரண்டாவது எப்படி நடந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

கட்டடம்

வாஷிங்டன் பிளேஸும் கிரீன் தெருவும் சந்திக்கும் மூலையில் 1901-இல் கட்டி முடித்த பத்து மாடிக் கட்டடம், ஆஷ் பில்டிங். தரைத்தளத்தை முதலாவதாக எண்ணும் அமெரிக்கக் கணக்கில் அதன் 8, 9, 10-ஆம் தளங்கள் டிரையாங்கிள் வெயிஸ்ட் கம்பெனியுடையவை. மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்ற இருவர் முதலாளிகள். அன்றைய அமெரிக்கப் பெண்கள் அலுவலகத்துக்கும் கடைக்கும் பாவாடையோடு அணிந்துபோன ‘ஷர்ட்வெயிஸ்ட்’ மேற்சட்டைதான் அங்கே தைத்தது. வேலை செய்த ஏறக்குறைய 500 பேரில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து இறங்கிய குடும்பங்களின் பெண்கள். பலருக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷ் அல்லது இத்தாலிய மொழி.

கட்டடம் தீப்பிடிக்காத வகை என்று பெயர் வாங்கியது. பெயருக்கு ஏற்ப அது எரிந்தும் விழவில்லை, இன்றும் நிற்கிறது. எரிந்தவை உள்ளே இருந்தவை. உயரம் 150 அடியை எட்டாததால், தரைக்கும் சன்னல் சட்டங்களுக்கும் மரம் போட விதி இடம் கொடுத்தது. அவ்வளவு பரப்புள்ள தளத்துக்கு மூன்று படிக்கட்டுகள் வேண்டும். கட்டியவர்கள் இரண்டு கட்டிவிட்டு, பின்புறத்து ஒடுக்கமான காற்றுவழிக்குள் தொங்கிய இரும்புப் படியை மூன்றாவதாகக் கணக்குக் காட்டினார்கள். அந்த இரும்புப் படி தரையைத் தொடவில்லை. கீழே ஒரு கண்ணாடிக் கூரைக்கு மேலேயே நின்றுவிட்டது.

உள்படிக்கட்டின் அகலம் 33 அங்குலம். கதவுக்கும் முதல் படிக்கும் நடுவே ஒரு படியளவு இடம்தான் இருந்தது. கதவு வெளியே திறந்தால் படியை மறைக்கும். ஆகவே வெளிப்பக்கம் திறக்க ‘இயலாது’. 80-ஆம் பிரிவின் ‘இயலும் இடங்களில்’ என்ற அந்த இரண்டு சொற்களும் இங்கேதான் வேலை செய்தன. படிக்கட்டைக் குறுக்கிக் கட்டியவருக்கு, குறுக்கிக் கட்டியதே விதிவிலக்காக ஆனது. சட்டம் கட்டடத்துக்கு அளவு சொல்வதற்குப் பதில், கட்டடம் சட்டத்துக்கு அளவு சொன்னது.

பூட்டக் கூடாது என்ற பாதியில் எந்த விலக்கும் இல்லை. ஆனாலும் 9-ஆம் தளத்தில் வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது என்று தப்பிப் பிழைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். காரணம், களவுப் பயம். வேலை முடிந்ததும் எல்லாரும் கிரீன் தெருப் பக்கம் ஒவ்வொருவராக வர வேண்டும், காவலாளி கைப்பையைத் திறந்து பார்ப்பான். உள்ளே துணியோ சட்டையோ இல்லை என்று கண்ட பிறகே விடுவான். எவ்வளவு களவு போனது என்று பின்னாளில் நீதிமன்றத்தில் ஹாரிஸைக் கேட்டார்கள். பிடிபட்ட களவின் மதிப்பு 25 டாலரைத் தாண்டாது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை, 4 மணி 40 நிமிடம்

அன்று சனிக்கிழமை. 4.45-க்கு வேலை முடியும், கூலியும் கைக்கு வந்துவிடும். 8-ஆம் தளத்தில் கட்டிங் மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியில் தீ தொடங்கியது. அந்தப் பெட்டிகளில் வெட்டிப்போட்ட மெல்லிய பருத்தித் துணித் துண்டுகள் நிறைந்திருந்தன. கழிவுத் துணி வாங்குகிறவர் கடைசியாக ஜனவரியில் வந்துபோயிருந்தார். யாரோ போட்ட சிகரெட் துண்டோ தீக்குச்சியோ காரணமாக இருக்கலாம் என்று தீயணைப்புத் துறை கருதியது. புகைபிடிக்கத் தடை இருந்தும் கட்டிங் ஆட்கள் புகைப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். சுவரில் இருந்த குழாயை இழுத்துத் திறந்தார்கள். தண்ணீர் வரவில்லை.

8-ஆம் தளத்திலிருந்து 10-ஆம் தளத்து அலுவலகத்துக்குத் தகவல் போனது. அங்கிருந்தவர்கள், முதலாளிகள் உட்பட, மொட்டை மாடிக்கு ஏறினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த நியூயார்க் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் ஏணி வைத்து அவர்களைத் தங்கள் பக்கம் ஏற்றிக்கொண்டார்கள். நடுவில் இருந்த 9-ஆம் தளத்துக்கு யாரும் சொல்லவில்லை. தொலைபேசி இணைப்பு கொடுக்க வேண்டிய பலகையை விட்டு ஆள் எழுந்துபோய்விட்டதால் அழைப்பு போகவே இல்லை. 240 தையல் மிஷின்கள் நெருக்கிப் போட்டிருந்த அந்தத் தளத்துக்கு வந்த முதல் செய்தி, சன்னலுக்கு வெளியே ஏறிய தீயேதான்.

அதன் பிறகு எல்லாம் நிமிடக் கணக்கு. கிரீன் தெருப் படிக்கட்டு சிலருக்கு வழி கொடுத்துவிட்டுத் தீயால் அடைபட்டது. பின்புற இரும்புப் படி, ஏறியவர்களின் பாரத்தோடும் சூட்டோடும் மடங்கி, அவர்களோடு கீழே விழுந்தது. லிஃப்ட் ஓட்டிய ஜோசஃப் ஜீட்டோவும் கஸ்பார் மோர்ட்டில்லாலோவும் புகைக்குள் திரும்பத் திரும்ப ஏறி வந்து ஆட்களை இறக்கினார்கள். பிழைத்தவர்களில் பலர் பிழைத்தது இந்த இருவரால். கடைசியில், லிஃப்ட் குழிக்குள் குதித்தவர்களின் உடல்கள் கூண்டின் மேல் விழுந்து குவிய, அதற்கு மேல் அது ஏறவில்லை. வாஷிங்டன் பிளேஸ் கதவை இழுத்தவர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

தீயணைப்பு வண்டிகள் விரைவாக வந்துவிட்டன. ஏணி 6-ஆம் தளம் வரைதான் எட்டியது. கீழே விரித்த வலைகள், அந்த உயரத்திலிருந்து கைகோத்துக் குதித்தவர்களைத் தாங்காமல் கிழிந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சன்னலிலிருந்து விழுந்து இறந்தார்கள். தீ ஏறக்குறைய பதினெட்டு நிமிடத்தில் கட்டுக்குள் வந்தது. இந்தப் பகுதியை இன்னும் நீட்டி எழுத என்னால் முடியும். இறந்தவர்களை வேடிக்கைப் பொருளாக்க மனம் வரவில்லை.

அருகே வாஷிங்டன் சதுக்கத்தில் ஒரு வீட்டில் தேநீருக்குப் போயிருந்த 30 வயதுப் பெண் ஒருவர், வண்டிகளின் மணியோசை கேட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து தெருவில் நின்று இதைப் பார்த்தார். பெயர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். நுகர்வோர் லீக் என்ற அமைப்பின் நியூயார்க் செயலாளர். பேக்கரி நிலவறைகளையும் தொழிற்கூடங்களையும் ஏறி இறங்கிப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முன்பே சொன்னவர்கள்

யாரும் எதிர்பாராதது என்று இதைச் சொல்லவே முடியாது. 1909 செப்டம்பரில் டிரையாங்கிள் தொழிலாளர்களே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நவம்பரில் கூப்பர் யூனியன் அரங்கில் கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல் தொழிலாளி, பெரியவர்களின் நீண்ட பேச்சுகள் போதும் என்று மேடையேறி, யிட்டிஷ் மொழியில் பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவினார். ‘இருபதாயிரவர் எழுச்சி’ என்று வரலாற்றில் நின்றது அது. பனிக்காலம் முழுக்க மறியல், போலீஸ் அடி, சிறை. 1910 பிப்ரவரியில் பெரும்பாலான கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் சங்கத்தை ஏற்கவில்லை. கூலியிலும் நேரத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆட்களை உள்ளே அழைத்துக்கொண்டது. சங்கம் உள்ளே இருந்திருந்தால் கதவைத் திறந்து வைக்கச் சொல்ல ஓர் ஆளாவது இருந்திருப்பார்.

1910 நவம்பரில் பக்கத்து மாநிலத்து நெவார்க் நகரில் ஒரு தொழிற்சாலை எரிந்து பெண்கள் இறந்தார்கள். இதேபோல நியூயார்க்கிலும் நடக்கும் என்று நகரின் தீயணைப்புத் தலைவர் எட்வர்ட் குரோக்கர் எச்சரித்தார். தன் ஏணியும் தண்ணீரும் எவ்வளவு உயரம் எட்டும் என்று அறிந்தவர் சொன்ன சொல் அது. நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

ஏப்ரல் 2-ஆம் தேதி மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் கூட்டம். செல்வர்களும் பாதிரிமார்களும் சீர்திருத்தக்காரர்களும் கூடியிருந்தார்கள். தொப்பித் தொழிலாளியாக இருந்து சங்கத் தலைவரான ரோஸ் ஷ்னைடர்மன் மெல்லிய குரலில் பேசினார். நல்லுறவு பாராட்டிப் பேச இங்கே வந்தால், எரிந்துபோன அந்த உடல்களுக்கு நான் துரோகியாவேன் என்றார். பொதுமக்களாகிய உங்களைச் சோதித்துப் பார்த்துவிட்டோம், நீங்கள் தேறவில்லை என்றார். மூன்று நாள் கழித்து, கொட்டும் மழையில், அடையாளம் தெரியாத உடல்களை நகராட்சி அடக்கம் செய்த அதே நாளில், தொழிலாளர்கள் வாத்தியம் இல்லாமல் பேச்சு இல்லாமல் நகரத்தில் நடந்துபோனார்கள்.

டிசம்பரில் பிளாங்க், ஹாரிஸ் இருவர் மீதும் வழக்கு நடந்தது. குற்றச்சாட்டு, கொலை என்ற அளவுக்குப் போகாத, மரணம் விளைவித்த குற்றம். வாதம் ஒரே ஒரு பெண்ணின் சாவை மையமாக வைத்து நடந்தது. எரிந்த இடிபாடுகளிலிருந்து, நாக்கு வெளியே நீட்டிப் பூட்டிய நிலையில் எடுத்த பூட்டைச் சான்றாகக் காட்டினார் அரசு வழக்கறிஞர் சார்லஸ் பாஸ்ட்விக். எதிர்த் தரப்பில் மேக்ஸ் ஸ்டூயர், நகரத்திலேயே பேர்போன குறுக்கு விசாரணைக்காரர். கேட் ஆல்டர்மன் என்ற தொழிலாளி சாட்சி சொன்னபோது, நடந்ததை இன்னொரு முறை சொல்லுங்கள், மீண்டும் சொல்லுங்கள் என்று கேட்டார். அந்தப் பெண் ஏறக்குறைய அதே சொற்களில் சொன்னார். பாருங்கள், மனப்பாடம் செய்து வந்திருக்கிறார் என்று ஜூரிக்குத் தோன்றும்படி ஆனது. நெஞ்சில் சூடு போட்டதுபோல் பதிந்த ஒன்றை, அதுவும் புதிதாகக் கற்ற மொழியில், ஒருவர் வேறு எந்தச் சொற்களில் சொல்வார்?

நீதிபதி ஜூரிக்குச் சொன்னது தீர்ப்பை முடிவு செய்தது. கதவு பூட்டியிருந்தது என்று கண்டால் போதாது, அந்த நேரத்தில் பூட்டியிருந்தது இந்த இருவருக்கும் தெரியும் என்பதும் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் விடுதலை என்று வந்தது. கதவு பூட்டியிருந்ததை நம்பினேன், அவர்களுக்குத் தெரியும் என்று உறுதிகொள்ள முடியவில்லை என்று ஜூரி ஒருவர் பின்னர் சொன்னார். 1914-இல் உரிமையியல் வழக்குகள் ஓர் உயிருக்கு 75 டாலர் என்று முடிந்தன. காப்பீட்டிலிருந்து முதலாளிகளுக்குக் கிடைத்த தொகை அதைவிடப் பல மடங்கு. 1913-இல் பிளாங்க் இன்னொரு தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டி வைத்ததற்குப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

இந்த இடத்தில் பெரும்பாலான கட்டுரைகள் கோபத்தோடு நின்றுவிடும். கோபம் நியாயமானது. ஆனால் குற்றவியல் நீதிமன்றம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் அறிந்து செய்தாரா? முதலாளிக்குத் தெரியாது என்றால் பூட்டு குற்றமில்லை. தெரியாமல் இருப்பதே முதலாளிக்குப் பாதுகாப்பு. நகரத்தில் இதேபோல் எத்தனை கதவுகள் பூட்டியிருக்கின்றன என்ற கேள்வியைக் கேட்க, வேறோர் இடம் தேவைப்பட்டது.

ஒரு நாள் முன்பு

அந்த வேறோர் இடமும் எளிதாகக் கிடைக்கக் கூடியதாக இல்லை. தீ விபத்துக்குச் சரியாக ஒரு நாள் முன்பு, 1911 மார்ச் 24 அன்று, நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐவ்ஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான சில வேலைகளில் அடிபடும் தொழிலாளிக்கு, யார் தவறு என்று பாராமல் இழப்பீடு கொடுக்கச் சொன்ன 1910-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றது. தவறு செய்யாத முதலாளியிடம் பணம் வாங்குவது, உரிய சட்ட முறையின்றிச் சொத்தைப் பறிப்பதாகும் என்பது காரணம்.

அதற்கும் முன், 1905-இல், லாக்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே நியூயார்க்கின் பேக்கரித் தொழிலாளர் வேலைநேரச் சட்டத்தை 5-க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்திருந்தது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது ஒப்பந்தச் சுதந்திரத்தில் தலையிடுவதாம். 1907-இல் பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்வதைத் தடுத்த சட்டத்தையும் மாநில நீதிமன்றம் வீழ்த்தியது. 1908-இல் மட்டும் ஒரு கதவு திறந்தது. ஆரிகன் மாநிலத்தின் பெண்கள் வேலைநேரச் சட்டத்துக்காக வாதாடிய லூயிஸ் பிராண்டைஸ், சட்ட வாதத்தை இரண்டு பக்கத்தில் முடித்துக்கொண்டு, நீண்ட நேர வேலை உடம்பை என்ன செய்கிறது என்று மருத்துவர்களும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் எழுதியவற்றை நூறு பக்கத்துக்கு மேல் அடுக்கினார். அந்தத் தகவல்களை ஜோசஃபின் கோல்ட்மார்க் உள்ளிட்ட பெண்கள் திரட்டிக் கொடுத்திருந்தார்கள். நீதிமன்றம் ஏற்றது.

சீர்திருத்தக்காரர்கள் இதிலிருந்து பிடித்துக்கொண்டது இது: அநியாயம் என்று சொன்னால் நீதிபதி கேட்க மாட்டார், எத்தனை, எங்கே, எப்படி என்று காட்டினால் கேட்பார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அடுத்து நடந்தது புரியும்.

ஆணையம்

1911 ஜூன் 30 அன்று தொழிற்சாலை விசாரணை ஆணையம் சட்டப்படி அமைந்தது. தலைவர் மாநில செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ராபர்ட் வாக்னர். துணைத் தலைவர் கீழவையின் பெரும்பான்மைத் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்மித். வாக்னர் சிறுவயதில் ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஸ்மித் பள்ளியைப் பாதியில் விட்டு மீன் சந்தையில் வேலை பார்த்தவர். இருவரும் டம்மனி ஹாலின் ஆட்கள். வாக்குக்கு வேலை, வேலைக்கு வாக்கு என்று நகரத்தை நடத்திய கட்சி இயந்திரம் அது. சீர்திருத்தக்காரர்கள் அதை ஊழலின் மறுபெயராகத்தான் பார்த்தார்கள். முற்போக்குக் காலத்தைப் படித்த நடுத்தர வர்க்கம் கட்சி முதலைகளை வென்ற கதையாகச் சொல்வது வழக்கம். இந்த நிகழ்வு அந்தக் கதைக்குள் அடங்காது. ஆய்வு செய்தவர்கள் சீர்திருத்தக்காரர்கள், வாக்கைச் சேர்த்தவர்கள் டம்மனிக்காரர்கள். செத்த பெண்களின் குடும்பங்கள் தங்கள் வட்டங்களில் இருக்கின்றன என்பதை டம்மனி நன்றாகவே புரிந்துகொண்டது. அந்தப் புரிதலைக் கேவலமாக நினைக்க எனக்கு மனமில்லை. வாக்காளரின் துயரம் தலைவனை அசைப்பதுதான் ஜனநாயகம்.

உறுப்பினர் ஒன்பது பேரில் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் சாமுவேல் கோம்பர்ஸும் பெண்கள் தொழிற்சங்க லீகின் மேரி டிரையரும் இருந்தார்கள். ஆய்வுப் பணிக்கு டாக்டர் ஜார்ஜ் பிரைஸ், வழக்கறிஞர் ஆப்ரம் எல்கஸ். ஆணையத்துக்குச் சாட்சிகளை அழைத்து வரக் கட்டளையிடும் அதிகாரம் இருந்தது. வேலை எல்லையும் தீயோடு நிற்கவில்லை. காற்று, வெளிச்சம், கழிப்பிடம், ஈயம் போன்ற நச்சுப் பொருட்கள், சிறுவர் உழைப்பு, வீட்டில் வைத்துச் செய்யும் தையல், வேலை நேரம் என எல்லாம் உள்ளே வந்தன. முதல் ஆண்டிலேயே 222 சாட்சிகள், ஏறக்குறைய 3,500 பக்க வாக்குமூலம், ஆய்வாளர்கள் நேரில் பார்த்த தொழிற்கூடங்கள் 1,836.

இந்த 1,836 என்ற எண்ணில்தான் என் மனம் நிற்கிறது. டிரையாங்கிள் தனி ஒரு கெட்ட கம்பெனி, முதலாளிகள் இருவரும் கெட்டவர்கள் என்று சொல்லி ஊர் ஆறுதல் அடைந்திருக்கலாம். அளந்து பார்த்தபோது, பூட்டிய கதவும் குப்பை அடைத்த படிக்கட்டும் பலகை அடித்த சன்னலும் வழக்கமான நிலை என்று தெரிந்தது.

எழுதி வைத்ததோடு பெர்கின்ஸ் நிற்கவில்லை. தீ விபத்துக்குப் பிறகு அமைந்த பாதுகாப்புக் குழுவின் செயலாளராகி, ஆணையத்தோடு சேர்ந்து பணியாற்றிய அவர், சட்டமன்றத்துக்காரர்களைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். பத்து மணி நேர இரவு வேலை முடித்துப் பெண்கள் கயிற்று ஆலையிலிருந்து விடியலில் வெளியே வருவதை ஸ்மித் நேரில் பார்க்கச் செய்தார். வாக்னரை ஒரு தொழிற்சாலைச் சுவரில் இருந்த சிறு ஓட்டை வழியே ஊர்ந்து வெளியே போகச் சொன்னார். அதற்குமேல், தீ விபத்தில் தப்பும் வழி என்று எழுதியிருந்ததாம். வெளியே பனி உறைந்த ஒரு ஏணி, அது தரைக்குப் பன்னிரண்டு அடி மேலே முடிந்தது. பழம், காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் விடியற்காலையிலேயே சிறு குழந்தைகள் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவதையும் பட்டாணி உரிப்பதையும் காட்டினார். அறிக்கையில் ‘போதிய வசதி இல்லை’ என்று படிப்பதும், செனட்டர் ஒருவர் அந்த ஓட்டைக்குள் தன் உடம்பை நுழைத்துப் பார்ப்பதும் ஒன்றாகாது.

சட்டமன்றத்தில்

1911 அக்டோபரில் நகரத் தீயணைப்புத் துறைக்குத் தீத்தடுப்புப் பிரிவு வந்தது. 1912, 1913 ஆகிய இரண்டு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. தொழிற்கூடங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தீ ஒத்திகை நடத்த வேண்டும். ஏழு தளத்துக்கு மேல் 200 பேருக்கு அதிகமாக வேலை செய்யும் கட்டடத்தில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய்கள் வேண்டும். தொழிற்சாலைக்குள் புகைபிடிக்கத் தடை. படிக்கட்டின் அகலத்துக்குத் தக்கபடி ஒரு தளத்தில் எத்தனை பேர் என்று உச்சவரம்பு. இந்தக் கடைசி விதி எனக்கு மிகப் பிடிக்கும். இத்தனை பேர் இருக்கிறார்கள், இயன்ற அளவு வழி செய் என்று சொல்லாமல், இவ்வளவுதான் வழி, அதற்குத் தக்கபடிதான் ஆட்கள் என்று கணக்கைத் திருப்பிப் போட்டது.

1913-இல் தொழிலாளர் துறையையே மாற்றி அமைத்து, தொழில் வாரியம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். சட்டத்தின் பலமுள்ள விதிகளை அந்த வாரியம் வகுக்கலாம். எது இயலும், எது இயலாது என்பதைக் கட்டட உரிமையாளர் தீர்மானித்த காலம் அங்கே முடிந்தது. எத்தனை அங்குலம், எந்த உலோகம், எந்தத் திசை என்று அறிந்தவர்கள் வகுத்தார்கள். முன்பு கட்டடத் துறை, தீயணைப்புத் துறை, தொழிலாளர் துறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று காட்டித் தப்பிக்கும் நிலை இருந்தது. இப்போது யார் பொறுப்பு என்பதற்கு விடை வந்தது.

பெண்களுக்கு வாரம் 54 மணி நேரம் என்ற மசோதா 1912-இல் நிறைவேறிய விதத்தையும் சொல்ல வேண்டும். டப்பா உணவு ஆலைகளுக்கு விலக்கு கொடுத்தால் மட்டுமே அது தேறும் என்ற நிலை வந்தது. கோடையில் மிகக் கொடுமையான வேலை அங்கேதான். பெர்கின்ஸ் அந்த விலக்கை ஏற்றுக்கொண்டார். தோழர்கள் சீறுவார்கள் என்று தெரிந்தே செய்தார். டம்மனியின் ‘பிக் டிம்’ சல்லிவன் ஊருக்குக் கிளம்பிவிட்டவர், செய்தி கேட்டுத் திரும்பி ஓடிவந்து வாக்களித்தார். தன் சகோதரி சிறுவயதில் வேலைக்குப் போனதை அவர் மறக்கவில்லை. மறு ஆண்டில் அந்த ஆலைகளும் ஓரளவுக்குச் சட்டத்துக்குள் வந்தன. பாதி ரொட்டியை வாங்கிக்கொண்டு மீதிக்கு மறுநாள் வந்து நிற்கும் பொறுமை பெர்கின்ஸிடம் இருந்தது. அன்றைய வெகுசில சீர்திருத்தக்காரர்களிடமே நான் அதைக் காண்கிறேன்.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. கட்டட உரிமையாளர்களின் அமைப்புகள், இது சொத்தைப் பறிப்பது, தொழிற்சாலைகள் எல்லாம் நியூயார்க்கை விட்டு ஓடிவிடும் என்றன. அடுத்தடுத்த ஆண்டுகளில் சில விதிகளைத் தளர்த்தவும் முயன்றார்கள்.

ஐவ்ஸ் தீர்ப்பு வீழ்த்திய இழப்பீட்டை மீட்க, வாக்காளர்கள் 1913 நவம்பரில் மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். 1914-இல் புதிய இழப்பீட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1915-இல் பெண்கள் இரவு வேலைத் தடை மீண்டும் நீதிமன்றம் ஏறியது. 1907-இல் வீழ்த்திய அதே நீதிமன்றம் இம்முறை சட்டம் செல்லும் என்றது. முந்தைய வழக்கில் எங்கள் முன் இல்லாத தகவல்கள் இப்போது விசாரணை ஆணையத்தின் அறிக்கைகளில் இருக்கின்றன என்பதைக் காரணமாகக் காட்டியது.

எட்டாதவை

ஆணையம் 1915 வரை இயங்கியது. கடைசி ஆண்டுகளில் கூலியைப் பற்றி விரிவாக ஆராய்ந்து, பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டமன்றம் அதை எடுக்கவில்லை. கதவைத் திறக்கச் சொல்ல முடிந்தது, கூலியைத் தொட முடியவில்லை. வேலைநேரச் சட்டங்களும், லாக்னரின் நிழலில், பெரும்பாலும் பெண்களுக்கு மட்டுமே என்று எழுதப்பட்டன. அதனால் இரவில் கூடுதல் கூலி கிடைத்த அச்சகங்களில் பெண்கள் இடம் இழந்தார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் எங்கள் வேலையைப் பறிக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டதற்குச் சீர்திருத்தக்காரர்களிடம் நல்ல விடை இருக்கவில்லை. அந்தக் குறையை மூடிவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

ஸ்மித் ஆளுநரானார், பெர்கின்ஸை மாநிலத் தொழில் ஆணையத்தில் அமர்த்தினார். 1933-இல் பெர்கின்ஸ் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் முதல் பெண். 1935-இல் சங்கம் சேரும் உரிமையை நாடு முழுவதற்கும் உறுதிசெய்த சட்டத்துக்கு வாக்னரின் பெயரே வழங்குகிறது. கட்டடங்களில் வெளியேறும் வழி எப்படி இருக்க வேண்டும் என்று தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1913-இல் தொடங்கிய வேலை, 1927-இல் ஒரு முழு விதித்தொகுப்பாக வந்தது.

ஆஷ் பில்டிங் இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பிரவுன் பில்டிங். 2023 அக்டோபர் 11 அன்று அதன் சுவரில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களை எஃகுத் தகட்டில் துளைத்து எழுதியிருக்கிறார்கள். தகட்டைத் தாண்டி வரும் வானத்து ஒளி, கீழே இடுப்பளவில் உள்ள கரும்பலகையில் அந்தப் பெயர்களாகவே விழுகிறது. பெயர்கள் எல்லாம் தெரிந்ததே அண்மையில்தான். அடையாளம் தெரியாமல் புரூக்ளினில் புதைத்தவர்களில் கடைசி ஆறு பேரின் பெயர்களை, பழைய செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் பல ஆண்டு புரட்டி, ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தது 2011-இல். தீ நடந்து நூறு ஆண்டு கழித்து.